நெய்ச்சோற்றால் தடைப்பட்ட உபகாரச் சம்பளம்

அனுப்புபவர்:
அ. நாச்சியா (கைம்பெண்),
கடற்கரை ஒழுங்கை,
மருதமுனை.

பெறுபவர்:
கனம் காரியாதிகாரி அவர்கள்,
கல்முனை.

பொருள்: என் மகள் ஸம்ஸியாவின் கல்லூரிப் படிப்புக்கான உபகாரச் சம்பளம் மறுக்கப்பட்டதை மீண்டும் விசாரிக்கக் கோருவது.

கனம் ஐயா அவர்கட்கு,

1. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நற்சுகம் வேண்டிப் பிரார்த்திக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவள் என் மகள் ஸம்ஸியாவே. எழுத்தின் அழகு அவளுடையது. பேச்சில் உறைப்பு இருந்தால் அது என்னுடையது. அவளை ஏச வேண்டாம்.

2. ஸம்ஸியா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து படிக்கவென்று எந்தப் பெண்பிள்ளையும் இதுவரை பஸ் ஏறியதில்லை. என் கணவர் மௌத்தான பின், நெசவுக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. விடுதிச் செலவை அது தாங்காது. வரும் மாதம் கல்லூரி திறக்குமுன் உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். ஆனால் எங்கள் மனுவுக்கு, "வசதியுள்ள குடும்பம், உதவி தேவையில்லை" என்று பதில் வந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

3. எங்கள் மனுவை விசாரிக்கத் தங்கள் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் மீது குற்றமில்லை, கண்டதைத்தான் எழுதினார். குற்றம் எங்கள் ஒழுங்கையாருடையது. கந்தோர் ஐயா வருகிறார் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களிடத்தில் ஒரு வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒழுங்கை முழுவதற்கும் விருந்தாளி. விடிந்ததும் பக்கத்து வீட்டில் எனக்கு அண்ணன் போலிருக்கும் அபுல் ஹஸன் காக்கா தமது மெத்தைக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். எதிர்வீட்டு நஸீறா சுவர் மணிக்கூட்டையும், மகளின் கலியாணத்துக்கென்று வாங்கிய பூப்போட்ட பீங்கான்களையும் கொண்டுவந்தாள். ஒரு கிடாயும் வந்தது; அதன் கயிறு மட்டுமே திரும்பிப் போயிற்று. நான் வேண்டாமென்று தடுத்தேன். ஒழுங்கையின் மானத்தை வாங்கப் பார்க்கிறாயா என்று என்னையே ஏசினார்கள்.

4. உத்தியோகத்தர் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் உண்டார். மறுசோறும் கேட்டார், அதில் எங்களுக்குச் சந்தோஷமே. கை கழுவியபின் குடும்பத்தின் குறைகளைச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அபுல் ஹஸன் காக்கா எழுந்து நின்று, "இந்தப் புள்ளைக்கு ஒரு குறையுமில்ல ஐயா, நாங்க எல்லாரும் இரிக்கம்" என்றார். அதை உத்தியோகத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆக்கிப் போட்டவர்கள் சுற்றி நிற்க, இவையெல்லாம் இரவல் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? அன்று பின்னேரமே எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. எங்களுக்கென்று மிஞ்சியது உட்கார ஒரு மர வாங்கும் படுக்கப் பன்பாய்களுமே.

5. பதிலைக் கேள்விப்பட்டபின் அபுல் ஹஸன் காக்கா என் முகத்தில் விழிக்கவே கூசினார், பாவம். இப்போது வேறு யோசனையோடு வருகிறார். மறுபடி விசாரணை வந்தால் அந்த வாங்கையும் ஒளித்துவிட்டு, கூரையில் கொஞ்சம் கிடுகைப் பிரித்துவிடலாமாம். பெரியநீலாவணையிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் வல்லியம்மை, பக்கத்தில் இருந்து அழுது தருவதாகவும் சொல்லியிருக்கிறாள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் நான் ஒன்றுக்கும் உடன்படவில்லை. அந்தக் கிடுகு போன மாரிக்கு முன் நான் பாடுபட்டு வேய்ந்தது.

6. ஆகவே ஐயா அவர்கள், விதானையாருக்கும் சொல்லாமல், ஏதாவதொரு சாதாரண நாளில் தாங்களே வந்து என் வீட்டை உள்ளபடி பார்த்து, என் மகளுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்க ஆவன செய்யும்படி பணிவோடு கேட்கிறேன். வெறுந்தேத்தண்ணிதான் தர முடியும். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். தங்கள் முன் நான் அழவும் மாட்டேன். என்னிடமுள்ள அழுகையை ஸம்ஸியா பஸ் ஏறும் நாளுக்கென்று வைத்திருக்கிறேன். அந்த நாளைத் தர வேண்டியவர் தாங்கள்தான்.

மருதமுனை,
18.06.1954.

தங்கள் வரவைப் பார்த்து வீட்டிலேயே இருக்கும்,
அ. நாச்சியா