நீ அனுப்பிய ஸ்டாண்டு

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லத் தங்கச்சி எழுதுவது. என் வலது கையைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் அப்பா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுத வைக்கிறேன், பகலில் எழுதினால் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார், நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உன்னிடம் போனில் விட்ட கதையையே எழுதச் சொல்வார். நான் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. விழுந்தது என் சைக்கிள், என் கை மேல். வீட்டிலேயே சைக்கிளைப் பழுது பார்க்கட்டும் என்று ஆசையாக ஒரு ஸ்டாண்டு அனுப்பினாயே, அதிலிருந்துதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணா, ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டுதான், வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை. அதோடு வந்த காகிதத்தை உன் அப்பா பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆடுகிற மேசைக்கால் அடியில் மடித்து வைத்துவிட்டு, இதுக்கெல்லாமா படிப்பு வேணும் என்றார். சைக்கிளைத் தூக்கி அதன் பிடியில் மாட்டி, திருகைப் பாதி சுற்றிவிட்டு, பாலம் கட்டி முடித்தவர் மாதிரி தள்ளி நின்று பார்த்தார். பக்கத்து வீட்டு வாத்தியார் எட்டிப் பார்த்து, என்ன சார், ஆபரேஷனா, பிழைக்குமா என்று கேட்டார், உன் அப்பா அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தரையில் சிந்திய எண்ணெயைத் துடைக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். இருபது வருடமாகக் கிடங்கில் எடை போடுகிற மனுஷனுக்கு ஒரு சைக்கிளின் கனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை. டாக்டர் என்னைக் கேட்டதற்கும் இவரே முந்திக்கொண்டு குளியலறை என்றார்.

மறுநாளாவது விட்டாரா என்றால் இல்லை. இப்போது செயின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது என்கிறார். சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து மூடியபோதும் ஓடுகிறது என்றுதான் சொன்னார், அது பின்பக்கமாக ஓடியது. திங்கட்கிழமை என் கைக்கட்டைப் பிரிக்கிறார்கள், செவ்வாய் முதல் தையல் கம்பெனிக்குப் பழையபடி சைக்கிளில்தான் போவேன். இனி அவருக்கு ஏதாவது அனுப்பத் தோன்றினால் சட்டை அனுப்பு, பொத்தான் மாட்டுகிற அளவுக்கு அவருக்கு மூளை உண்டு. நீ இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே.

அண்ணா, இதற்கு மேல் நானாக எழுதுகிறேன். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா படுத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் நாள் சைக்கிள் விழுந்ததால், இனி விழவே கூடாது என்று மறுநாள் அப்பா முழு பலத்தோடு திருகை முறுக்கினார். பிடியைச் சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியில்தான் மாட்ட வேண்டும், அந்தக் காகிதத்தை நான் எடுத்துப் படித்தேன். அம்மா குட்டை என்பதால் சீட்டு அடியோடு இறங்கியிருக்கிறது, மாட்டக் கம்பியே வெளியே தெரியாது. சீட்டைக் கொஞ்சம் தூக்கலாம்ப்பா என்றேன். போன தடவை தொட்டதுக்கே உங்கம்மா ஒரு வாரம் என்னைக் கிழிச்சா, வேணாம்மா என்று சொல்லிவிட்டு சைக்கிளின் நடுக்குழாயில் மாட்டினார். டொக்கென்று ஒரு சத்தம். குழாய் உள்ளே அமுங்கி, ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அப்பா கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு, அவளுக்குத் தெரிஞ்சா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா, நீ வாய் திறக்காதே கண்ணு, நான் மெதுவா சரி பண்ணிடறேன் என்றார். பிரேக் ஒயர் உரசாமல் இருக்கச் சுற்றினேன் என்று அம்மாவிடம் சொன்னார். பதினெட்டு நாள் ஆயிற்று, ஒன்றும் செய்யவில்லை.

அம்மா இறங்கிப் போகிற மேம்பாலச் சரிவு உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் செவ்வாய்க்கிழமை தாண்டிவிடும், உன்னிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்று இப்போதுதான் உறைக்கிறது. அம்மாவின் வாய்க்கும் பயம், அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் பயம். அந்தச் சரிவை நினைத்தால் அதைவிடப் பயம். அம்மாவை எழுப்பப் போகிறேன்.

எழுப்பிவிட்டேன் அண்ணா. டேப்பைப் பிரித்து டார்ச் அடித்துக் காட்டினேன். அம்மா இடது கை விரலால் விரிசலைத் தடவிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு சீட்டைத் தொடக்கூடவா அந்த மனுஷனுக்கு என்கிட்ட இவ்வளவு பயம் என்று மட்டும் கேட்டாள். தரையில் உட்கார்ந்தபடியே, எழுது என்றாள்.

மகனே, செவ்வாய்க்கிழமை நான் பஸ்ஸில் போகிறேன், கவலைப்படாதே. போனில் உன் அப்பாவை எதுவும் கேட்டுவிடாதே, கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன். காலையில் அவர் காபி குடித்து முடிக்கிற வரை பொறுப்பேன், இத்தனை வருடத்தில் அவருக்கு நான் காட்டுகிற பெரிய மரியாதை அது. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இரு. பதில் போடும்போது கவரின் மேல் தங்கச்சி பெயரை எழுது.

இடது கையால் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா