அது சதையில்லை

கோ தெய்ன்,

மாண்டலே பஸ்காரன் ஹாரனை அலறவிடுகிறான்; நின்றபடியே எழுதுகிறேன்.

நீர் இறக்கும் மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். ஒரே நாளில் எடை ஒரு கிலோ ஏறினால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மதியம் உங்கள் அக்கா மா சான் ஙப்பியோடு வருவார். அந்த மீன் விழுது முழுக்க உப்பு; தொடாதீர்கள். “போன மாசம் தளதளன்னு இருந்தியேடா தம்பி, அவ சோறே போடறதில்லையா?” என்பார். அது சதையில்லை, இதயத்தின் வலப்பக்கம் களைத்ததால் உடம்பில் தேங்கிய நீர் என்று சொல்லுங்கள்.

மி மி

பி.கு: “என்னை இப்படி விட்டுட்டு மக பிரசவத்துக்குப் போறியா?” என்று முறைத்துவிட்டுத் தூங்கினீர்களே, எந்தத் தைரியத்தில் கிளம்பினேன் தெரியுமா? விடியலில், நீர் கோத்து வீங்கியிருந்த உங்கள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். முதன்முறையாகக் குழி விழவில்லை.