சனிக்கிழமை கொடுத்த கார்

22 நவம்பர் 2008, சனி

எளாவூர் குழந்தைகள் காப்பகத்து வார்டன் அக்காவிடம் இன்று நான் சொல்லாதது: எங்கள் சொகுசுக் காரை அப்பா தருமத்துக்காகக் கொடுக்கவில்லை. இரண்டு முறை விபத்தான வண்டி. சனிக்கிழமை தானம் கொடுத்தால் தோஷம் வாங்குகிறவரோடு போய்விடும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா சீட்டைத் தடவிப் பார்த்தார். "இன்னா மெத்துனு கீது! இனிமே புள்ளைங்கள ஆட்டோல திணிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாம் சார்."

அப்பா கும்பிட்டார்.

எனக்குத் தோஷத்தில் நம்பிக்கை இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது. இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

வண்டி கிளம்பியதும் பின்சீட்டுப் பிள்ளைகள் கையாட்டினார்கள். "திரும்பிப் பாக்காத, உள்ள வா" என்றார் அப்பா.

பிறகு தலைக்குக் குளித்தார். என்னையும் குளிக்கச் சொன்னார். குளித்தேன்.