எதிர்வீட்டில் இருந்த சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே ஏதோ இருக்கிறோம். ஃபோனில் பேசினால் நீ மேடை ஏறிவிடுகிறாய், நடுவில் ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

அப்பாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். வலது கை இன்னும் தூக்க வரவில்லை, கதவைத் திறக்க அவரால் முடியாது. மருந்துக்கடை வேலைக்குப் போனால் நான் சாயங்காலம்தான் திரும்புவேன். இத்தனை நாள் பயமில்லாமல் போய்வந்தேன் என்றால், எதிர்வீட்டு டீச்சரிடம் நம் வீட்டுச் சாவி ஒன்று இருந்ததால்தான். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஓடிவந்து தூக்கியது அவர்தான். நீகூட நன்றி சொல்லச் சொன்னாய்.

அடுத்த வாரமே இணையத்தில் ஊருக்கெல்லாம் எழுதினாயே ஒன்று! அந்த மதத்துக்காரர்கள் எதிர்வீட்டிலேயே இருந்தாலும் நம்பாதீர்கள், நம் கட்சிதான் நமக்குக் காவல் என்று. எதிர்வீடு என்று எழுதும்போது உனக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லையா? இந்த மண் யாருக்கு என்ற சண்டை நாம் பிறக்கும் முன்பே இருக்கிறது. அதை நீ அங்கே உட்கார்ந்துகொண்டு தீர்க்கப்போகிறாயாக்கும்!

டீச்சரும் படித்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாளைக்கு உங்கப்பாவுக்கு ஒன்று ஆனால், சாவி யாரிடம் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள், எனக்கு வேண்டாம்மா என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.

உன் கட்சிக்காரர்கள் வந்து உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, நம் கேட்டில் கொடி கட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள யார் வருகிறீர்கள், சாவி தருகிறேன் என்றேன். தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர்கள்தான், ஆளையே காணோம். கொடியை அவிழ்த்தால் வம்பு, விட்டுவைத்தால் டீச்சர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்றும் டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டி டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வரும்போது டீச்சர் வெளியே நின்று, கம்பி வழியாக அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செம்பை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

எழுதியதை எடுத்துத் தொலை. அவரை நீயே கூப்பிட்டுப் பேசு. அதுவரை நான் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும்.

நீ நன்றாக இருடா. விழுந்தால் தூக்கிவிட உன் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.

உன் அக்கா