மாடியறைப் பெண்

ஜூலை 9, 1984
பத்திரிகையின் துர்கா பூஜை மலருக்குக் குறுநாவல் வேண்டுமாம். ஒரு மாதம் தந்திருக்கிறார் ஆசிரியர் சுகோமல் பாபு. ஒரு வரிகூட வரவில்லை.

ஜூலை 13
கதை சொல்ல எங்கே கற்றீர்கள் என்று கல்லூரிப் பெண்ணொருத்தி கேட்டாள். ஏதோ உளறி அனுப்பிவைத்தேன். உண்மையில், ஸ்ரீராம்பூர் வீட்டு வாசலில்தான். விஜயதசமி முடிந்ததும் அம்மா காலைத் தொட்டுக் கும்பிடச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அம்மாவோ மாடியறையில், வெளியே தாழ்ப்பாள். சித்தம் கலங்கிய வருஷங்கள் அவை. “காசிக்குப் போயிருக்காங்க” என்றால் நம்பமாட்டார்கள். “கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க, பாவம்” என்று சேர்த்தால் நம்பிவிடுவார்கள். எனக்கு எட்டு வயது. இன்றும் கதவுக்கு வெளியே யாரோ நிற்பதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்கு முதல் வரி வரும்.

ஜூலை 14
அதையே எழுதப்போகிறேன். பொய் கலக்காமல்.

ஜூலை 29
முப்பது பக்கம். அம்மா மேலே கதவைத் தட்டத் தட்ட, கீழே நான் சத்தமாகச் சிரித்துப் பேசினேனே — சே, என்ன பிள்ளை நான்!

ஆகஸ்ட் 4
அண்ணாவிடம் படிக்கக் கொடுத்தேன். முகம் கறுத்துவிட்டது.
“உனக்கென்ன புலு, பேர் வாங்கிட்டுப் போயிடுவே. என் பொண்ணு தீத்திருக்கு மாப்பிள்ளை பாக்கறேன். அவ பாட்டி பைத்தியமா இருந்தவன்னு ஊருக்கே அச்சடிச்சுக் குடுக்கப்போறியா?”
“அம்மா இப்ப நல்லாத்தானே இருக்காங்க?”
“அதைக் கெடுக்கணுமா?”
கோபம் வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது அவன்தானே? நானா?

ஆகஸ்ட் 8
மாற்றிவிட்டேன். அம்மா இல்லை, எதிர்வீட்டு மாடியில் யாரோ ஒருத்தி. பிள்ளைகளைக் கதையிலிருந்தே அடித்து நீக்கிவிட்டேன்.

செப்டம்பர் 20
மலர் வந்துவிட்டது. “எப்படிம்மா இப்படியெல்லாம் கற்பனை பண்றே!” என்றார் சுகோமல் பாபு. பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். தூ.

அக்டோபர் 6
ஸ்ரீராம்பூர். அம்மா காலைத் தொட்டேன். மடியில் மலர். இரண்டு தரம் படித்தாராம். தேங்காய் உருண்டையை என் கையில் வைத்து, கையை விடாமல் கேட்டார்.
“ஏண்டி, அந்த மாடிப் பொண்ணுக்குப் பிள்ளைங்களே இல்லையா?”
“இல்லம்மா.”
“நல்லதாப் போச்சு. இருந்திருந்தா, வர்றவங்களுக்குப் பதில் சொல்லியே அதுங்க உசுரு போயிருக்கும்.”
அண்ணா தட்டை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். வெகுநேரம் வரவில்லை.