இழு, விடு

ஜனவரி 14

மாமாவுக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் காகிதம்.

கணுக்காலில் ரெண்டு இடத்தில் முறிவு. படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனிச்சுவரில் ரெண்டாவது கொக்கியில் கயிற்றை மாட்டிவிட்டு, அதற்கு மேல் அரை மீட்டர்தான் ஏறியிருந்தேன். பனியில் குத்தியிருந்த கோடரி நழுவியது. ஒரு மீட்டர் விழுந்ததுமே கயிறு நிறுத்தியிருக்க வேண்டும். தரைக்கே வந்தேன். மிச்சக் கயிறு எங்கிருந்து வந்தது? கீழே பிடித்துக்கொண்டிருந்த உங்கள் கையிலிருந்து.

நாலு மாதமாக ஏறுகிறேன். முதல் போட்டி. வெயில் ஊரிலிருந்து வந்தவன் என்று கிளப்பில் எனக்கு 'வெயில்' என்றே பேர் வைத்துச் சிரிப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

விசாரணைக் குழு எழுதிக் கேட்டிருக்கிறது. கயிறு பிடித்தவர் தப்பு என்று எழுதப்போகிறேன். உங்கள் உரிமம் போகும். போகட்டும்.

உங்கள் மனைவியின் தம்பி

ஜனவரி 19

மச்சினனுக்கு,

கணக்கெல்லாம் சரிதான், இன்ஜினியரே. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நீ 'விடு' என்றாய். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. தடவைக்கு ஒரு கை நீளம் விட்டேன்.

எல்லாரும் ஒரே பாஷையில் கத்துகிற இடத்தில் நம் குரல் தனியாகக் கேட்கணும், தமிழில் ரெண்டே சொல் போதும், இழு, விடு என்று என் வீட்டுச் சமையலறையில் நின்று சட்டம் போட்டது யார்? விதிப்புத்தகத்தில் இருக்கிற சொல்லே போதுமே என்றேன். "உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் மாமா" என்றாய்.

பன்னிரண்டு வருஷமாகக் கயிறு பிடிக்கிறேன். உரிமம் போனால் ஏறக் கற்றுக்கொடுக்கும் வேலையும் போகும். உன் அக்கா நம் ரெண்டு பேரோடும் பேசுவதில்லை. ஆனால் உனக்குச் சாப்பாடு மட்டும் கொடுத்தனுப்புகிறாளாம். டப்பாவைத் திருப்பிக் கொடு.

மாமா

ஜனவரி 23

மாமாவுக்கு,

நான் சொல்லவில்லை. கோடரியில் தொங்குகிறவன் கயிறு விடச் சொல்வானா? அவ்வளவு மடையனா நான்? என் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. விசாரணையில் போட்டுக் காட்டுவார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டப்பா அக்காவுடையது. அவளிடம்தான் கொடுப்பேன்.

மச்சினன்

பிப்ரவரி 2

மாமாவுக்கு,

நேற்று உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

படம் போட்டார்கள். முதலில் என் மூச்சு. அப்புறம் என் குரல். "கை போச்சு. விடு. விடுடா."

அது உங்களுக்குச் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டது. மார்க் குறைந்தாலும் சைக்கிள் தொலைந்தாலும் சின்ன வயதில் அக்கா அப்படித்தான் சொல்வாள். வாயிலிருந்து வந்ததே எனக்குத் தெரியாது.

குழுத் தலைவர் அம்மா அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ரெண்டு பொருள் என்றேன். படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம், ஏதாவது ஒன்றை எழுது என்றார். 'கயிற்றைத் தளர்த்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதியில் இல்லாத சொல்லில் கட்டளை கொடுத்ததற்கு எனக்கு ஒரு வருஷம் தடை. உங்கள் உரிமம் உங்களிடமே இருக்கும்.

நன்றி சொல்ல வரவேண்டாம். படத்தில் இன்னொன்றும் இருந்தது. 'விடு' என்றபோது நான் கீழே பார்த்திருக்கிறேன். உங்கள் தொப்பியின் உச்சிதான் தெரிகிறது. ஒரு தடவை அண்ணாந்திருந்தால் போதும், ஒற்றைக் கையில் தொங்குகிறவன் கயிறு கேட்கவில்லை என்று புரிந்திருக்கும். குழு அதைக் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். அக்கா வந்து எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் வரவேண்டாம்.

பதில் எழுதினால், 'விடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்தப் பொருளில் என்று எனக்குத் தெரியாது.

மச்சினன்