பாட்டிலுக்குள் நித்தியகல்யாணி

இராசிபுரம்,
14-11-1983

அன்பு மகள் பாவாயிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நான் நன்றாக நடமாடுகிறேன், எருமையும் கன்றும் சுகம், அந்த லக்னோ குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்று உடனே எழுது. உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. இரண்டு வருஷமாய் ஆராய்ச்சிக்கூடத்தில் நித்தியகல்யாணி இலைத் துண்டைப் பாட்டிலில் போட்டு வளர்த்தும் வேரும் இலையும் விடாமல் வெறும் கட்டியாகத்தான் வளருகிறது, சோதித்தால் அதில் புற்றுநோய் மருந்து துளியும் இல்லை, பேராசிரியரும் வேறு வேலை பார் என்கிறார், ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, கேள்.

அதற்கு முந்தின கடிதத்தில் கட்டி நன்றாக வளருகிறது என்று நீ சந்தோஷமாய் எழுதியிருந்தாயே, அதை நம் காட்டில் நித்தியகல்யாணித் தழை உருவ வந்த பெண்களுக்குப் பெருமையாய்ப் படித்துக் காட்டியிருந்தேன். அது நம்மிடம் தழை வாங்கும் வியாபாரி தங்கமுத்து காதுக்குப் போய்விட்டது. புதன்கிழமை லாரியோடு வந்தவர் மூட்டையைத் தொடவே இல்லை. களத்தில் எல்லோர் முன்னாலும், "ஏனுங்கக்கா, உங்க புள்ள பாட்டில்லயே மருந்து எடுத்துப்போட்டா இந்தத் தழைய எவன் வாங்குவான், நாங்க எங்கீங்க போறது? அத உட்டுப்போட்டு வரச்சொல்லி எழுதுங்க, இல்லீன்னா உங்க சரக்கு எனக்கு வேண்டாமுங்க" என்றார். உன் பெரியப்பா சென்னியப்பனும் அங்கே நின்றுகொண்டு, தகப்பன் இல்லாத பெண்ணை இருபத்தாறு வயசு வரைக்கும் எதற்கு அங்கே விட்டு வைத்திருக்கிறாய், கூட்டி வந்து ஒருத்தன் கையில் பிடித்துக் கொடு என்று ஒத்து ஊதினார்.

உன் புதுக் கடிதம் என் மடியில்தான் இருந்தது கண்ணு. பயப்படாதீர்கள், பாட்டிலில் மருந்தே வரவில்லை என்று அதை எடுத்துக் காட்டியிருந்தால் அப்போதே மூட்டை லாரி ஏறியிருக்கும். வாய் வரைக்கும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பெரியப்பா முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். நீ பட்ட பாட்டை அவர்கள் சிரிக்கக் கொடுத்தா நான் தழை விற்க வேண்டும்? "எம் புள்ள உடமாட்டாளுங்க, நீங்க லாரியத் திருப்புங்க" என்றேன். ஏழு வருஷமாய் நம் காட்டில் தழை உருவுகிற ராமாத்தாளுக்கு இந்த வேலை போனால் கஷ்டம்தான், ஆனாலும் அவள் முன்னால் வந்து, "வண்டித் தழைக்குச் சிட்டிகை மருந்துதான்னு பாவாயி அம்மிணி எழுதியிருந்துச்சு. இருக்கிற சீக்காளிக்கெல்லாம் அது எந்த மூலைக்குங்க? பாட்டில்லயுந்தான் வரட்டுமே" என்றாள். லாரி காலியாகப் போயிற்று.

மறுநாளே நானும் அவளும் ஒரு வேன் பிடித்து மூட்டைகளைச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். தங்கமுத்துவின் பேச்சு எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது, மூன்று மண்டியில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான்காவது மண்டிக்காரர் தழையைக் கசக்கி முகர்ந்து, நிழலில் உலர்த்தியதா என்று கேட்டுப் பாதியை எடுத்துக்கொண்டார். மீதி வீட்டில் கிடக்கிறது, கிடக்கட்டும். நாளைக்கு நீ ஜெயித்து இந்தச் செடியை வாங்க ஆளில்லாமல் போனால் காடு முழுக்க மரவள்ளி நடுவேன், ராமாத்தாளும் கூட இருப்பாள். நீ அதற்காகத் தயங்காதே.

ஐந்தாம் வகுப்புப் படித்தவள் கேட்கிறேன், மருந்து இலையில்தானே இருக்கிறது, இலையே விடாத கட்டியைச் சோதித்தால் அது எங்கிருந்து கொடுக்கும்? அதை முதலில் துளிர்க்கவைத்துப் பார்க்க முடியாதா? உன் பேராசிரியரிடம் கேள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், மறுபடியும் கேள். வேலையை விட்டேன் என்று வந்து நிற்காதே, லீவு என்று வா.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் கைகூடும் சாமி, மாரியம்மன் உன் பக்கம் நிற்பாள். ஒன்றை மறக்காதே, எனக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்படு என்று பெரியப்பா தந்தி அடித்தாலும் அடிப்பார். நம்பி ரயில் ஏறிவிடாதே. முடியவில்லை என்றால் நானே என் கையால் எழுதுவேன்.

உன் மேல் உயிரான அம்மா,
முத்தாயம்மாள்